எப்பா என்றால்

செப்டெம்பர் 3, புதன்

இன்று 47.5 கிலோ, மூன்று தடவை. மூன்றாவது மெதுவாகத்தான் ஏறியது. ஆனாலும் ஏறியது.

பயிற்சியாளர் லக்ஸ்மன் சேர் தலைமாட்டில் நின்றுகொண்டு வழக்கமான பாட்டு: "தோளப் பின்னால இழுத்துப் பூட்டு. காலால தரையத் தள்ளு. முழங்கைய விரிக்காத பிரேமி, நீ என்னா கோழியா?" பெஞ்சில் படுத்திருக்கும்போது சிரிக்கக் கூடாது. சிரித்தால் பூட்டு கழன்றுவிடும்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இப்படி ஒரு ஜிம் இருப்பது நூலகத்தில் யாருக்கும் தெரியாது. நான் அங்கே போவது தெரிந்தால் நம்பவும் மாட்டார்கள். பகலெல்லாம் புத்தகம் அடுக்குகிறவள், "சத்தமாப் பேசுங்க மிஸ்" என்று பிள்ளைகளே சொல்லும் குரல் உள்ளவள். ஏன் போகிறேன்? இதுவரை வாசித்ததெல்லாம் எனக்குள்ளே வந்து சேர்ந்தவை. இது ஒன்றுதான் என்னிடமிருந்து வெளியே போகிறது.

நவம்பர் கடைசியில் பெஞ்ச் பிரஸ் போட்டி. அறுபது எடுத்தால் மாகாண அணியில் இடம் கிடைக்கும் என்கிறார் சேர். அறுபது என்பது கிட்டத்தட்ட நானேதான். என்னை நானே நெஞ்சிலிருந்து தூக்கி வைக்க வேண்டும்.

செப்டெம்பர் 8, திங்கள்

மேல்தட்டில் அகராதியைச் செருகும்போது வலது தோளின் முன்பக்கத்தில் என்னவோ நெருடியது. வலி என்று சொல்ல முடியாது. ஒரு கல், செருப்புக்குள் இருப்பது போல.

அம்மா கண்டுபிடித்துவிட்டார். "என்னா புள்ள, கைய அப்பிடி வச்சிருக்க?" புசல்லாவையில் தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்த தோள் அவருடையது. அவரிடம் தோளை மறைக்க முடியாது. தைலம் தேய்த்துக்கொண்டே திட்டினார்: "நாங்க வயித்துக்கு சுமந்தோம். நீ எதுக்கு சுமக்குற?" பிறகு "எப்பா" என்று கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் உட்கார்ந்தாலும் எப்பா, எழுந்தாலும் எப்பா.

செப்டெம்பர் 12, வெள்ளி

தூங்குவதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும்.

லக்ஸ்மன் சேர் இன்றைக்கு ஆண்கள் பக்கம். எனக்குத் துணை நின்றது தினுஷா. குண்டசாலையிலிருந்து வருகிற சிங்களப் பிள்ளை. என்னைவிட இளையவள், என்னைவிடப் பலசாலி. தலைமாட்டில் நிற்கிறவர் தேவையில்லாமல் தட்டுகள் மாட்டிய இரும்புப் பாரைத் தொடக் கூடாது, தொட்டால் அந்தத் தூக்கல் செல்லாது. அதனால் நான் கேட்டால் மட்டும் பிடி என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

ஐம்பது கிலோ. மூன்றாவது தடவை பாதியில் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அவள் கைகள் பாருக்குக் கீழே வருவது தெரிந்தது. அப்போது நான் "எப்பா!" என்றேன். உடனே அந்தக் கைகள் பின்னால் போய்விட்டன.

பார் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. எப்படியோ இடது பக்கம் சரித்தேன். தட்டுகள் தரையில் விழுந்து உருண்டன, மறுபக்கத் தட்டுகளும் விழுந்தன, வெறும் பார் மிஞ்சியது. கீழே டைல்ஸ் கடைக்காரர் கத்தினார்.

"ஏன் நங்கி பிடிக்கல?" தங்கச்சி என்று அவள் மொழியில்தான் கூப்பிடுவேன்.

"அக்கே, நீங்கதானே எபா சொன்னது!" அவள் முகம் வெளுத்திருந்தது.

எபா. சிங்களத்தில் வேண்டாம். நான் அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்ட மூச்சு, அவள் காதில் ஒரு கட்டளை. இருவரும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடிந்தபோது எனக்குக் குளிர்ந்தது.

செப்டெம்பர் 15, திங்கள்

ஒரு சொல்லைத் தீர்மானித்துக்கொண்டோம்: கன்ன. சிங்களத்தில் எடு என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும், தேவையில்லாவிட்டாலும், கடைசியில் "கன்ன" என்கிறேன். அவள் எடுத்து வைக்கிறாள். நாக்குக்குப் பழக்குகிறோம்.

"அக்கே, வீட்ல படுக்கும்போதும் சொல்லுங்க."

"சொன்னா அம்மா என்னைய பேயோட்டக் கூட்டிட்டுப் போயிருவாங்க."

செப்டெம்பர் 19, வெள்ளி

வலது பக்கம் படுக்க முடியவில்லை.

செப்டெம்பர் 24, புதன்

போட்டியை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மண்டபம் நவம்பரில் கிடைக்காதாம். ஒக்டோபர் 12, ஞாயிறு.

அடுத்த வாரம் முழுக்க எனக்குப் பாரம் குறைத்துத் தோளை ஆறவிடுவதாகத்தான் திட்டம். சேர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஓய்வெல்லாம் போட்டிக்கு அப்புறம் எடுத்துக்கலாம்." ஓய்வில்தான் தசை வளர்கிறது என்று எனக்குச் சொல்லித்தந்தவரும் அவரேதான். தூக்கும்போது கிழிகிறது, தூங்கும்போது தைக்கப்படுகிறது என்பார். தைப்பதற்கு இடம் விடாமல் கிழித்துக்கொண்டே போனால்?

கேட்கவில்லை. கேட்டால் போட்டியிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவாரோ என்று பயம்.

செப்டெம்பர் 29, திங்கள்

இன்றிலிருந்து போட்டியில் செய்வது போலவே பயிற்சி. பாரின் இரண்டு நுனியிலும் கிளிப் போட்டு இறுக்கினார் சேர். "அங்க கட்டாயம். தட்டு நழுவக் கூடாதில்ல?"

அன்றைக்குத் தட்டு நழுவியதால்தான் நான் எழுந்தேன். தினுஷா என்னைப் பார்த்தாள்.

ஒக்டோபர் 3, வெள்ளி

57.5 ஏறிவிட்டது! நெஞ்சில் நிறுத்தி, சேர் "பிரஸ்" என்று சொல்லும்வரை காத்திருந்து, ஒழுங்காக.

அந்தக் காத்திருப்புத்தான் பயமாக இருக்கிறது. பாரை நெஞ்சின் கீழ்ப்பகுதியில் கிடத்திவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, இன்னொருவர் வாயைத் திறப்பதற்காகக் காத்திருப்பது. ஆங்கிலச் சொல் வந்தால் தள்ளலாம். சிங்களச் சொல் சொன்னால் பிழைக்கலாம். தமிழ் மட்டும் இங்கே கேட்காமலே வருகிறது. மொழிகளுக்கு உடம்பில் தனித்தனி இடம் உண்டோ? ஆங்கிலம் காதில், சிங்களம் நாக்கில், தமிழ் மூச்சுக்குழாயில்.

சேரிடம் சொல்லிவிட்டேன், இந்த எப்பா கதையை. போட்டியில் நிற்கிறவர்களுக்கும் சொல்லி வையுங்கள் என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "மூணு பேர் நிப்பாங்க, பிரேமி. தோள் எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு சேர்."

ஒக்டோபர் 8, புதன்

மழை. பின்னேரமே இருட்டிவிட்டது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க வலது கை போகவில்லை. இடது கையால் பிடித்தேன். பாலத்துக்குக் கீழே ஆறு சேற்று நிறத்தில் நிரம்பி ஓடுகிறது.

வீட்டில் சூடான சட்டியின் காதைத் தெரியாமல் தொட்டுவிட்டேன். வாயில் என்ன வந்தது என்று கவனித்தேன்.

கன்ன வரவில்லை.

ஒக்டோபர் 11, சனி

நாளை. மாத்திரை போட்டதில் தோள் அமைதியாக இருக்கிறது. இந்த அமைதியை நம்பலாமா? நெருடலாவது பேசிக்கொண்டிருந்தது.

தினுஷா மேடைக்கு வர முடியாதாம். போட்டி நடத்துகிறவர்களுடைய ஆட்கள்தான் நிற்பார்கள். "நான் முன்னால இருப்பேன் அக்கே. கத்துவேன்" என்றாள். அம்மா மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார், எதற்கென்று சொல்லாமல்.

கன்ன. கன்ன. கன்ன.

ஒக்டோபர் 16, வியாழன்

இடது கை எழுத்து. நானே வாசிக்க முடியவில்லை. பிறகு.

ஒக்டோபர் 21, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். கை இன்னும் உடம்போடு கட்டித்தான் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

52.5 சுத்தம். 57.5 சுத்தம். மூன்றாவதுக்கு அறுபது கேட்டேன். தலைமாட்டில் நின்ற பையன் குனிந்து, மரியாதையாக, சிங்களத்தில் கேட்டான்: "மிஸ், சொன்னால்தானே தொட வேண்டும்?" ஆமாம் என்றேன். எப்பா கதையைச் சொல்ல வாயெடுத்தேன். நடுவர் கையை உயர்த்திவிட்டார்.

இறக்கினேன். தொட்டது. காத்திருந்தேன். நீண்ட நேரம் போல இருந்தது. பிரஸ்.

ஒரு சாண் ஏறியது. அங்கே வலது பக்கத்தில், அக்குளுக்கு முன்னால், துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். சபையிலிருந்து வருகிறதென்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார் வலப்பக்கம் சாயத் தொடங்கியது.

சொல் எனக்குத் தெரிந்தது. இதை எழுதி வைக்க வேண்டும்: மறக்கவில்லை. எழுத்து எழுத்தாகக் கண்முன் நின்றது. வாய் அதை எடுக்கவில்லை.

"எப்பா..."

கீழே வந்துகொண்டிருந்த இரண்டு கைகள் நின்றன. விரல்கள் விரிந்தன. பின்னால் போயின. நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்டான்.

கிளிப் போட்டிருந்தது. எந்தப் பக்கமும் நழுவ ஒன்றும் இல்லை. "அல்லன்ன! அல்லன்ன!" பிடி, பிடி என்று தினுஷா கத்தியது கேட்டது. பக்கத்தில் நின்ற இருவர்தான் தூக்கினார்கள். அதற்குள் பார் என் மேல் உட்கார்ந்துவிட்டது.

மார்புத் தசை மேல்கை எலும்பிலிருந்து அறுந்துவிட்டதாம். சத்திரசிகிச்சை செய்து தைத்திருக்கிறார்கள். விலா எலும்பு ஒன்றில் வெடிப்பு. கழுத்தில் விழுந்திருந்தால் என்று டொக்டர் ஆரம்பித்துவிட்டு, அம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வார்ட்டுக்கு அந்தப் பையன் வந்தான். பெயர் நுவன். தோடம்பழப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். "மிஸ் எபா கிவ்வா" என்றான். மிஸ் வேண்டாம் என்று சொன்னீங்க. திரும்பவும் அதையே சொன்னான். குற்றம் சாட்டவில்லை, கேட்கிறான். எனக்குப் பேசினால் விலா வலிக்கும். தினுஷாதான் அவனை வெளியே கூட்டிப்போய் விளங்கப்படுத்தினாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் உதடுகள் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்ப்பது தெரிந்தது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டான்.

லக்ஸ்மன் சேர் வந்தபோது நான் தூங்குவது போலக் கிடந்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

அம்மா எனக்குத் தலை வாருகிறார். உட்காரும்போதும் எழும்போதும் உதட்டைக் கடித்துக்கொள்கிறார். இந்த வீட்டில் யாரும் இப்போது அந்தச் சொல்லைச் சொல்வதில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

இன்று முதன்முறையாகக் கட்டை அவிழ்த்தார்கள். என் கை என்னுடையது போல இல்லை. மெலிந்து, வெளிறி, ஈரமாக.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற மிஸ் சிங்களம்தான் பேசினார். என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக உயர்த்தினார். இடுப்பு. விலா. அதற்கு மேல் ஏதோ இழுத்தது, கண்ணில் நீர் முட்டியது, வாய் தன்பாட்டுக்குத் திறந்தது.

"எப்பா..."

உடனே அவர் கை நின்றது. அந்தரத்தில், என் கையோடு, அசையாமல். "ஹரி, ஹரி" என்றார். சரி, சரி, இதற்கு மேல் வேண்டாம்.

கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நன்றாக விளங்கிக்கொள்கிறார்கள். எல்லோருமே எப்போதும் நன்றாகத்தான் விளங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"எபா நெவெய் மிஸ்" என்றேன். வேண்டாம் இல்லை. அதன் பிறகு, யாரும் கேட்காமலே, தேடாமலே வந்தது: "உடட்ட கன்ன."

மேலே எடுங்கள்.

எடுத்தார். தோள் மட்டம் வரை வந்தது. அதற்கு மேல் போகவில்லை.