குளிர்காலத்தில் அதன் கண்

இஞ்சரும்,

ரொறன்ரோவிலிருந்து நீர் அனுப்பிய லூன் பறவையின் படம் கிடைத்தது. கறுத்த தலை, முதுகு நிறைய வெள்ளைக் கட்டங்கள், இரத்தச் சிவப்பில் கண். "உங்கட ஜெர்மனியில இப்பிடி ஒண்டு இருக்கோ?" என்று கேட்டிருந்தீர். எப்போதிருந்து இது என்னுடைய ஜெர்மனி ஆனது?

ஞாயிற்றுக்கிழமை ஹம் நகரிலிருந்து மோனே ஏரிக்குப் போனேன். தொலைநோக்கியோடு நின்ற ஜெர்மன்காரர் ஒரு சாம்பல் பறவையைக் காட்டினார். கண்ணும் மங்கல். நீர் அனுப்பிய படத்தைக் காட்டி, இது வேறு பறவை என்று வாதாடினேன். "அதே பறவைதான். குளிர்காலத்தில் கறுப்பும் போகும், கண்ணின் சிவப்பும் போகும்" என்றார். அவர் போன பிறகும் பார்த்துக்கொண்டு நின்றேன். அது தனியாகத்தான் நீந்தியது.

மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று போனீர். பேரனுக்கு இப்போது பல்லும் முளைத்திருக்கும். நீர் அவசரப்பட வேண்டாம், நான் சமைத்துச் சாப்பிடுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கோயில் தேருக்கு முதல் நாள் நீர்தான் எனக்குத் தலைக்கு டை அடித்துவிடுவீர். இந்த வருடத் தேருக்கு நான் அடிக்கவில்லை, அதன் பிறகும் இல்லை. வரும்போது விமான நிலையத்தில் கறுத்த தலையைத் தேடாதேயும். முழுக்க நரைத்த ஒருவன் நிற்பான். அதே ஆள்தான்.

இப்படிக்கு,
நீர் 'இஞ்சருங்கோ' என்று கூப்பிடும் உம்முடைய மனிசன்