மலை வளைவில் வைத்த கை

அன்பு மகள் சின்னுவுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால்கள் இரண்டும் நீங்கலாக. நீயும் உன் தோழிகளும் சுகமாயிருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறோம். முழங்கால் கதையை நானே சொல்லிவிடுகிறேன், விட்டால் உன் அக்கா போனில் நடித்தே காட்டிவிடுவாள். உங்களோடு மலையேறி வந்து மூன்று வாரம் ஆகிறது, இன்னமும் படி ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை, இறங்கும்போதுதான் உயிர் போகிறது. அதனால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கப் பழகிக்கொண்டேன். போன வியாழக்கிழமை அப்படியே மூன்று மாடியும் இறங்கி, கடைசிப் படி முடிந்தது என்று காலை எடுத்து வைத்தேன், வைத்த இடம் கீழ்வீட்டு டெய்லரம்மா துணி ஊறவைத்திருந்த வாளி. முழங்கால் வரைக்கும் சோப்பு நுரையோடு நிற்கிறேன், அந்தம்மா முகத்தில் சிரிப்பே இல்லாமல், "என்னண்ணே, ரிவர்ஸ்ல வர்றீங்க, ஹாரன் அடிக்கக் கூடாதா?" என்று கேட்டார். இருபத்தெட்டு வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் பார்த்து ஊரையெல்லாம் மேலே அனுப்புகிறவன், குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில். இதைச் சொல்லித்தான் அன்றைக்குத் தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய.

சரி, நீ காத்திருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு மண்டையே ஓடவில்லை. அந்த மலை ஆஸ்பத்திரியை நடத்துகிற சபைக்காரர்கள், கல்யாணமாகாத பெண்பிள்ளைகள் அங்கே மூன்று வருஷம் தங்கி வேலை செய்வதென்றால் பெற்றவர்கள் சம்மதித்து எழுதிய கடிதம் வேண்டும் என்கிறார்கள், அது இந்த மாசக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும் என்றாய். அதில் எனக்கு வருத்தமில்லை, கேட்பது நியாயம்தான். அதற்கடுத்து ஒன்று சொன்னாயே, "நீங்கதான் மலையிலயே தலைமேல கை வச்சு ஆசீர்வாதம் பண்ணிட்டீங்களேப்பா, அதையே ரெண்டு வரியா எழுதிக் குடுங்க" என்று. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஒரு வாரமாக இந்த மேசையில் காகிதம் கிடக்கிறது, பேனாவைத் திறக்கிறேன், மூடுகிறேன். உன் அம்மா அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் 'உயர்திரு'விலயே நிக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

நடந்தது உனக்குத் தெரியும்தான். ஆனால் நீ கீழே குனிந்திருந்தாய், நான் மேலே நின்றிருந்தேன், நான் கண்டது வேறு. அதனால் பொறுமையாகப் படி. நர்ஸ் வேலையிலிருந்து ஆறு வார லீவில் வந்தவள் முதல் நாலு வாரம் தோளில் மூட்டையோடு மலை மலையாகச் சுற்றினாய். உன் அம்மா அப்போதே, "இவ நம்மளைப் பாக்க வந்தாளா, மலையைப் பாக்க வந்த வழியில நம்மளைப் பாத்தாளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சுற்றலில்தான் நீங்கள் 'மேப்' என்று கூப்பிடுகிற உன் தோழி, கையில் வரைபடம் இருந்தும் வழிதவறிக் காலைச் சுளுக்கிக்கொண்டதும், நீங்கள் மூன்று பேரும் மேலே அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நாலு நாள் தங்கியதும், அங்கிருந்த ஒரே நர்ஸம்மா வயதாகி ஊருக்குக் கிளம்பப் போவதைப் பார்த்ததும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அக்கா குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு நீ வெயிலில் மூக்குத் தோல் உரிந்து வந்து நின்றாய். பாஸ்டர் தண்ணீர் ஊற்றியதும் குழந்தை அழாமல் உன் மூக்கைப் பிடித்துத் தோலை உரிக்கப் பார்த்தது, சபையே சிரித்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு இரண்டு நாள் முன்னால் மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இப்போதும் நன்றாகத்தான் இருந்திருக்கும். "மாமாவுக்கு பட்டன் அமுக்கினாத்தான் மேல போகத் தெரியும்" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாளைக்கு உங்களோடு மலைக்கு நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பரிமாறிக்கொண்டிருந்த உன் அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

ஏறினதைப் பற்றி விரிவாக எழுத என்னிடம் ஒன்றுமில்லை, நான் பார்த்ததெல்லாம் எனக்கு முன்னால் போன உன் இன்னொரு தோழி நெட்டையின் குதிகால்கள்தான். அந்தப் பிள்ளை என் பையையும் வாங்கிக்கொண்டு, அவள் பையையும் சுமந்துகொண்டு, பாட்டும் பாடிக்கொண்டு போகிறாள். எனக்கு மூச்சுவிடுவதே பெரிய வேலையாக இருந்தது. ஓவர்லோடு ஆனால் லிஃப்டில் மணி அடிக்கும், கதவு மூடாது, ஒரு ஆள் இறங்கினால்தான் நகரும். எனக்கு உள்ளே மணி அடித்துக்கொண்டே இருந்தது, இறங்குவதற்குத்தான் ஆள் இல்லை. அந்தக் கடைசி வளைவில் என் ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது. நான் குனிந்தால் நிமிர மாட்டேன் என்று தெரிந்து நீயே முட்டிபோட்டுக் கட்ட உட்கார்ந்தாய். கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், சொன்னாய்: "அப்பா, நான் இந்த வேலையை விட்டுட்டு மேல அந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு இருக்கேன். மூணு வருஷம். போன் வாரத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். உங்களுக்குச் சம்மதமாப்பா?" காது எனக்கு நன்றாகவே கேட்டது, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கேட்கவில்லை என்று தப்பிக்க எனக்கு ஆசைதான், ஆனால் பொய். கேட்டது. "யோசிக்கலாம்மா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. அதே நேரத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, வலது பக்கம் பள்ளம், இடது பக்கம் வழுக்குப் பாறை, நெட்டை பத்தடி மேலே. பிடித்துக்கொள்ள எட்டின தூரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, உன் தலை. இரண்டு கையையும் அதன்மேல் வைத்தேன்.

அம்மாடி, நான் விழாமல் இருக்கத்தான் வைத்தேன். இதுதான் உண்மை. ஆனால் முட்டிபோட்ட மகள், தலைமேல் தகப்பன் கை, மலை, காற்று. நம் ஆட்கள் பார்த்தால் வேறு என்னவென்று நினைப்பார்கள்? நெட்டை தொப்பியைக் கழற்றிவிட்டாள். மேப் வரைபடத்தை மடித்து நெஞ்சோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். யாரோ "ஆமென்" என்றார்கள். நீ அழ ஆரம்பித்துவிட்டாய். என் கண்ணிலும் தண்ணீர் வந்தது, அது வியர்வை உள்ளே போனதால் வந்தது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன், இப்போது அதுவும் நிச்சயமில்லை. நீ எழுந்து என்னைக் கட்டிக்கொண்டு, "தேங்க்ஸ்பா, நீங்க இவ்வளவு சீக்கிரம் புரிஞ்சுப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்ல" என்றாய். நானும் நினைக்கவில்லையம்மா.

கீழே இறங்கியதும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். இறங்கியதும் நீங்கள் மூன்று பேரும் என் காலுக்குத் தைலம் தேய்ப்பதில் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். மறுநாள் சொல்லலாம் என்றால் கல்யாண நாள். சபை ஹாலில் நம் சொந்தக்காரர்கள் ஐம்பது பேர் முன்னால் நீ மைக்கைப் பிடித்து, எங்க அப்பா ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கை வைத்து என்னை ஆண்டவருக்குக் கொடுத்தார் என்று சொன்னாய். ஒரு வார்த்தைகூடப் பேசாததுதான் எல்லோருக்கும் பெரிதாய்ப் போயிற்று. பெரியப்பா மேடைக்கே வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "சின்ன வயசுல இவன் பென்சிலைக்கூட யாருக்கும் குடுக்க மாட்டான், இன்னைக்கு மகளையே குடுத்திருக்கான்" என்று சொல்ல, ஹால் முழுக்கக் கைதட்டல். நானும் தட்டினேன், எல்லோரும் தட்டும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றால் நன்றாக இருக்காதே. உன் அம்மாவும் தட்டினாள், ஆனால் என் பக்கம் திரும்பவில்லை. பிறகு கேக் வெட்டி ஊட்டுகிற நேரத்தில் அவள் என் வாயில் வைத்த துண்டின் அளவிலிருந்தே விஷயம் புரிந்துவிட்டது. இரண்டு நிமிஷம் நான் பேசக்கூடாது என்றே வெட்டியிருந்தாள்.

அன்று சாயங்காலம் சொந்தக்காரர்கள் போன பிறகு, பாத்திரம் துடைத்துக்கொண்டே, "முப்பது வருஷம் கூட இருக்கேன், என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?" என்று கேட்டாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன், மெதுவாகத்தான் கேட்டாள். நடந்ததை அப்படியே சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள், துடைத்த துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்து முடித்துவிட்டு, "அப்ப அவகிட்ட சொல்லிடுங்க, பிள்ளை ஏமாறக் கூடாது" என்றாள். சொல்லத்தான் உன்னை வழியனுப்ப வந்தேன். வண்டி கிளம்பும்போது வாயைத் திறந்தேன். "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா" என்றுதான் வந்தது. எடுத்துக்கொண்டேன் என்றாய். போய்விட்டாய்.

போன செவ்வாய்க்கிழமை பாஸ்டர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐயா, விழாமல் இருக்கக் கை வைத்தால் அது ஆசீர்வாதமாகுமா என்றேன். அவர் துணியைப் பிழிந்துகொண்டே, "நான் எத்தனையோ தலைமேல கை வச்சிருக்கேன். பாதி நாள் தோள்பட்டை வலி, மீதி நாள் அடுத்த வீட்டுக்கு நேரமாச்சேங்கிற நினைப்பு. அதெல்லாம் செல்லாதுன்னா இந்த ஊர்ல பாதிப் பேரைத் திரும்பக் கூப்பிடணும்" என்றார். அப்படியானால் செல்லுமா என்று கேட்டேன். "அது உங்க கை, நீங்கதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு மட்கார்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். போகும்போது இருந்த குழப்பத்தைவிட வரும்போது இரண்டு மடங்கு.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு, உனக்கே தெரியும். நான் ஏறி, மேலேயும் கீழேயும் போய்ப் பார்க்காத லிஃப்டுக்கு இதுவரைக்கும் 'சரியாயிருக்கிறது' என்று கையெழுத்துப் போட்டதில்லை. மேலதிகாரி சொன்னாலும் போட்டதில்லை. அந்த ஆஸ்பத்திரியை நான் பார்க்கவில்லை, அந்த வளைவுக்கு மேலே எனக்குக் கால் வரவில்லை. பார்க்காத இடத்துக்கு எப்படிப் போடுவது? உன் அம்மாவிடம் சொன்னேன். அவள், "இடத்துக்கா கையெழுத்துக் கேக்கிறாங்க, பிள்ளைக்குத்தானே? பிள்ளையைப் பாத்திருக்கீங்கல்ல?" என்றாள். போகக் கூடாது என்று அவள் சொல்வாள், அதைப் பிடித்துக்கொண்டு நானும் சொல்லிவிடலாம் என்று எதிர்பார்த்திருந்தேன். அவளோ கம்பளி நூல் வாங்கிவந்து இரண்டாவது காலுறை பின்னிக்கொண்டிருக்கிறாள். என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதுமில்லை. இந்த வீட்டில் யார் எந்தப் பக்கம் என்றே எனக்குத் தெரியவில்லை.

அதனால் கடிதம் எழுதிவிட்டேன். இதே கவரில் இருக்கிறது, இரண்டு வரிதான். கீழே உன் அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், கேட்காமலே. ஆனால் நீ இந்தக் கடிதத்தை முதலில் படித்துவிட்டு அதைக் கொடு. மலையில் நடந்ததை நம்பித்தான் நீ போகிறாய் என்றால், அது என்னவென்று எனக்கே தெரியாது, அதை நம்பாதே. அந்தக் கை இல்லாவிட்டாலும் போவாய் என்றால், கொடு. இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போனால் இதையெல்லாம் கவனி. உன் அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, அதன் திருகாணி மரத்தில் இறுகியிருக்கிறதா என்று ஆட்டிப் பார். ஈரச் சாக்ஸோடு உட்காராதே. மழைக்குப் பிறகு அந்த வளைவில் தனியாக நடக்காதே. உனக்கே காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள், அதற்கு மட்டும் தனியாகப் பதில் எழுது. நெட்டைக்கும் மேப்புக்கும் என் அன்பைச் சொல். மாப்பிள்ளையை மன்னித்துவிட்டேன், அதை அவரிடம் சொல்லாதே. வாரத்துக்கு ஒரு போன் கிடைத்தால் அதை அம்மாவுக்குச் செய். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இன்னும் ஒன்று. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை, பாஸ்டரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த ஆமென் கேட்ட நேரத்தில் எனக்குக் கண் தெளிந்துவிட்டது, காலும் நின்றுவிட்டது. கையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. உன்னை எழவிடாமல் அழுத்திப் பிடித்தேனா, அனுப்பிவைத்தேனா, அது இன்றைக்கும் தெரியவில்லை. நீ கட்டின ஷூவைப் பார்த்துக்கொண்டே, உதடு அசையாமல், உள்ளே ஒன்று சொன்னேன். ஆண்டவரே, இவ போறா. எனக்குப் பிடிக்கல. நீங்க கூடப் போங்க.

இப்படிக்கு,
உன் அப்பா