போளூர் வரை நான் போட்ட கியர்

ஆரணி
20-1-1984

அன்பு மகள் விருத்தாம்பாளுக்கு,

கோபமெல்லாம் இல்லை. வாதம் வந்து இடது கை இழுத்துக்கொண்ட மனுஷர் கார் ஓட்டக்கூடாது, வண்டியைக் கொடுத்துவிடுங்கள் என்று நீ எழுதியதில் தப்பு என்ன இருக்கிறது. பம்பாயில் இத்தனை நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ், உனக்குத் தெரியாதா. அப்பா உன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தார், அவ்வளவுதான். நாங்கள் நலமாகவே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும், அதுதான் எங்களுக்கு வேண்டியது. பொங்கலுக்கு நீ இல்லாமல் வீடு பெரிதாக இருந்தது.

போளூர் ரங்கசாமி வண்டியை விலைக்குக் கேட்டிருந்தார், அரிசி மில் வைத்திருப்பவர். அவர் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வதாகத்தான் பேச்சு. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. என் வண்டியை நான்தான் கொண்டுபோய் விடுவேன் என்றார். காலையில் கொட்டகையிலிருந்து ரிவர்ஸில் வெளியே எடுத்தார். வந்தது. பிறகு ஃபர்ஸ்ட் கியர் விழவில்லை. ஸ்டீயரிங் பக்கத்திலுள்ள அந்தக் கம்பியை எப்படித் தள்ளினாலும் வண்டி பின்னாடிதான் போகிறது. பின்னால் எதிர்வீட்டுத் தனக்கோடி தறிக்கான பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பாவு போட்டிருந்தான், அரக்குச் சிவப்பு, யார் வீட்டுக் கல்யாணச் சேலைக்கோ. நம் தெருவில் பாவைத் தாண்டிக்கூட யாரும் போகமாட்டார்கள், நாய்கூடச் சுற்றிக்கொண்டுதான் போகும். யோவ் சக்கரவர்த்தி, பாவு மேல வந்துகினே இருக்கியே, ஜல்தியா நிறுத்துய்யா என்று கத்தினான். நான் எங்கடா வரேன், வண்டி வருது என்றார் அப்பா. ஒரு முழம் இருக்கும்போது நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். வண்டிக்கு ஆரணிய உட்டுப் போவ மனசு இல்லக்கா என்று தனக்கோடி என்னிடம் சொன்னான், சிரிப்புக்காகத்தான். அப்பா சிரிக்கவில்லை.

உனக்கு நினைவிருக்காது. நீ சின்னவள், வேலூரிலிருந்து திரும்பும்போது கண்ணமங்கலம் தாண்டி இதே மாதிரி மாட்டிக்கொண்டது. நீ பின் சீட்டில் தூங்கினாய். என்னைக் கிளச்சை மிதிக்கச் சொல்லிவிட்டு அவர் பானெட்டைத் திறந்து கையை உள்ளே விட்டார். புளியமர நிழல். மழை வரும்போல் காற்று. எனக்கு அந்த வண்டியில் அன்றைக்குத்தான் முதன்முதலாக டிரைவர் சீட். ஊர் போய்ச் சேராவிட்டாலும் பரவாயில்லை என்று இருந்தது. ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. இந்தத் தடவை அவர் கிளச்சை மிதித்தார், நான் கையை விட்டேன். ஸ்டீயரிங் தண்டின் அடியில் இரண்டு நெம்புகோல் இருக்கிறது, இரண்டும் ஒரே நேராக நின்றால் கியரில் இல்லை என்று அர்த்தம். ஒன்று விலகி இறுகிப்போயிருந்தது. தனக்கோடியை வண்டியை முன்னும் பின்னும் லேசாக ஆட்டச் சொன்னேன். பிடி தளர்ந்தது, இழுத்தேன், டக்கென்று வந்துவிட்டது.

அப்பா திரும்பப் போட்டார். திரும்ப மாட்டியது. அப்போது பார்த்தேன். இடது கை பாதி தள்ளுகிறது, மீதிக்கு விரல் வருவதில்லை. பாதியில் விட்டால் அது பக்கத்துக் கியரில் போய் விழுகிறது. உள்ள புஷ் வளையம் தேஞ்சி போச்சி என்றார் அப்பா. ஆமாங்க என்றேன். தனக்கோடி பாவில் அறுந்த இழையைத் தேடுகிறவன்போலத் தலையைத் திருப்பிக்கொண்டான். மறுபடி எடுத்துவிட்டேன். பானெட்டை மூடி, அவருக்கு இடது பக்கம் ஏறி உட்கார்ந்து கம்பியைப் பிடித்தேன். கிளச்சை மிதிங்க என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஃபர்ஸ்ட் என்றார்.

போளூர் வரை அப்படியே போனோம். மெதுவாகத்தான், நீ பயப்படாதே. அவர் செகண்ட் என்பார், தேர்ட் என்பார், நான் போடுவேன். பாதி வழிக்கு மேல் அவர் சொல்லவில்லை, எஞ்சின் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. மில் வாசலில் ரங்கசாமி பார்த்துவிட்டு, என்னாங்க, ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவரா என்றார். கூலி ஒரு ஆளுக்குத்தாங்க என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தோம். ஷெட்டில் ரிவர்ஸில்தான் விட வேண்டும். எங்க ஆளு விட்டுக்குவான் என்றார் ரங்கசாமி. வேண்டாங்க என்று சொல்லிவிட்டு அப்பா என்னிடம் ரிவர்ஸ் என்றார். எனக்குக் கை வரவில்லை. இன்னொரு தடவை சொன்னார், குரலைத் தாழ்த்தி, போடு கன்னியம்மா. போட்டேன். ஒழுங்காக விழுந்தது. சாவியை அப்பாவே ரங்கசாமி கையில் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் அப்பாவின் இடது கை தொடைமேல் அசைந்தது. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

நீ இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே. பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டுக் காதில் ஊதும் பழக்கம் வேண்டாம். அப்பாவுக்கு எழுதும்போது வண்டியைப் பற்றிக் கேள், கேட்காமல் இருக்காதே. கையைப் பற்றிக் கேட்காதே. பங்குனியில் வருவதாகச் சொன்னதை மாப்பிள்ளைக்கு நினைவுபடுத்து. நீங்கள் மூவரும் நீடு வாழ வேண்டும்.

உன் அம்மா,
ச. கன்னியம்மா

உறையை ஒட்டுவதற்கு முன்: எண்ணெய் சுடவைத்து அவர் கையில் தேய்த்துவிட்டு வந்தேன். தூங்குகிறார்.