பெயர்கள் ஓடும்போது வந்த பாட்டு

என் அன்புத் தம்பி காதருக்கு,

பெம்பான் கடைத்தெருவில் உன் கேசட் கடை இருந்த இடத்தில் இப்போது மூக்குக்கண்ணாடி விற்கிறார்கள். வாசலில் பாட்டு இல்லை. அந்தப் பக்கம் போனால் கால் தானாக நிற்கிறது. நின்று யாரிடம் சண்டை போடுவது?

நம் சண்டை எப்படித் தொடங்கியது, நினைவிருக்கிறதா? ஆங்கில அடிதடிப் படம் ஒன்றின் பாட்டுக் கேசட்டை நீ கடைவாசல் ஸ்பீக்கரில் போட்டாய். ராப். இரும்பில் அடிப்பது போன்ற தாளம். அதன்மேல் ஒருவன் மூச்சு விடாமல் கத்தினான். அகராதியை வைத்து நானே ஆங்கிலம் படித்தவன். பாதி புரிந்தது. அந்தப் பாதியும் கெட்ட வார்த்தை.

"இது பாட்டா? நிறுத்துடா," என்றேன்.

"கோவப்படாதீங்கண்ணே. இவனும் உங்கள மாதிரிதான் லா. எஸ்டேட்ட வித்தப்ப ஆபீஸ் வாசல்ல நின்னு கத்துனீங்களே, அதுக்குத் தாளம் போட்டா இதான்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எஸ்டேட் வீடு போனபின் மாற்று வீடு கேட்டு நான் எழுதிய கடிதங்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. அது உனக்கு வேடிக்கையா?

சமாதானம் செய்யத்தான் மலாக்காவுக்கு அதே படத்தின் மத்தியானக் காட்சிக்கு அழைத்துப் போனாய். கேசட்டில் பாட்டு இருந்தால் படத்தில் பாட்டுக் காட்சி வரும். நமக்குத் தெரிந்த சினிமா அதுதானே? கதாநாயகன் சுட்டான், குதித்தான், கார்களை எரித்தான். பாடவே இல்லை. "இப்ப வரும்ணே, இப்ப வரும்ணே," என்று என் கையைத் தட்டிக்கொண்டே இருந்தாய்.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். திரையில் பெயர்கள் ஓடின. அப்போதுதான் அந்தப் பாட்டு வந்தது.

"உக்காருங்கண்ணே! வந்துருச்சு!"

"கதை முடிஞ்ச பெறகு என்னடா பாட்டு? நீயே கேளு."

வாசலில் திரும்பிப் பார்த்தேன். காலி நாற்காலிகளுக்கு நடுவில் நீ மட்டும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தனியாகப் பஸ் ஏறினேன். ஆறு மாதம் உன் கடைப் பக்கம் வரவில்லை. இரண்டு முறை ஆள் அனுப்பினாய். மூன்றாவதாக வந்தவர் உன் மரணச் செய்தியோடு வந்தார்.

கடையைக் காலி செய்த அன்று உன் மகள் அந்தக் கேசட்டைக் கொடுத்தாள். "அத்தா உங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்தாங்க, பெரியப்பா." தினமும் காலையில் போடுகிறேன். இப்போது முக்கால்வாசி புரிகிறது. தெருவில் போலீஸ் தன்னை ஏன் நிறுத்தியது என்று அவன் கேட்கிறான். பதில் வரவில்லை. மறுபடி கேட்கிறான்.

இன்னும் அதைப் பாட்டு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன், காதர். ஆனால் என்னைப் போலத்தான் கத்துகிறான். அதை நீ சரியாகத்தான் சொன்னாய்.

போன வாரம் அதே தியேட்டருக்குப் போனேன். வேறு அடிதடிப் படம். பெயர்கள் ஓடும்போது, துடைப்பத்தோடு கூட்ட வந்த பெண், "முடிஞ்சிருச்சுய்யா, போங்க," என்றாள்.

"இரும்மா, பாட்டு இருக்கு."

பக்கத்து நாற்காலி மடங்கியே இருந்தது.

இனி எந்தப் படத்திலும் கடைசிப் பெயர் போகும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

அன்று எழுந்து போய்விட்ட உன் அண்ணன்,
மாணிக்கம்