மச்சான் வரும்வரைக்கும் ஒரு ப்ரொசெசர்

ஜூலை 3, வெள்ளி

கச்சான் காத்து, மேற்கிலிருந்து அனல். காலையிலிருந்து வாய்க்குள் மண். மாடியில் காயப்போட்ட உடுப்பெல்லாம் திரும்பவும் கழுவ வேண்டும்.

ஒஃபிஸ் விட்டு நாவிதன்வெளியிலிருந்து ஸ்கூட்டியில் ஓட்டமாய் ஓடிவந்து, அஸர் தொழுதுவிட்டு, மச்சானோடு விளையாட்டு. அவருக்கு டோஹாவில் வெள்ளி லீவு. கலியாணம் கட்டி மூன்று வருசம், அதில் சேர்ந்து இருந்தது மொத்தம் நாலு மாசம். மற்ற நேரமெல்லாம் இந்த ஊரில்தான் குடித்தனம். கொம்பியூட்டருக்குள் ரெண்டு பேரும் கட்டுகிற ஊர். துறைமுகம் அவருடையது, ரயில் பாதை என்னுடையது. மட்டக்களப்போடு நின்றுபோன ரயிலை நான் கடற்கரை ஓரமாய்த் தெற்கே இழுத்து வந்துவிட்டேன். எந்த அரசாங்கமும் செய்யவில்லை, நான் செய்தேன்.

இன்றைக்குச் சனத்தொகை எண்பதாயிரம் தாண்டியது. தாண்டியதும் எல்லாம் நொண்டத் தொடங்கியது. ஃப்ரேம் செக்கனுக்கு 17. பஸ்கள் தத்தித் தத்தி. மச்சானின் குரலும் துண்டு துண்டாய்.

"சஹ்னா... பாலத்த... கேக்... கேக்குதா?"

"இல்ல மச்சான், திரும்பச் சொல்லுங்க."

இப்படியே ஒரு மணித்தியாலம். ஊர் ஓடுவது என் மெசினில், அவர் நெட் வழியாய் வந்து சேர்கிறவர். என் மெசின் இளைத்தால் ரெண்டு பேருக்கும் இளைக்கும்.

போனில் எடுத்தால் "சாப்பிட்டியா, உம்மா சுகமா", மூன்று நிமிசத்தில் முடிந்துவிடும். பாலம் கட்டும்போதுதான் அவருக்கு வாய் திறக்கும். மற்றவர்களுக்கு இது விளையாட்டு. எனக்கு இல்லை.

ஜூலை 4, சனி

காலை முழுக்கச் சோதனை.

- கிராஃபிக்ஸ் எல்லாம் ஆகக் குறைவில்: அப்பவும் 17. கார்டில் பிழை இல்லை.
- ஊரை நிறுத்திவைத்துப் பார்த்தால்: 60. ஆக, சனம் நடமாடினால்தான் திணறுது. ப்ரொசெசர்தான்.
- சூடு: 94 பாகை!!

குனிந்து பார்த்தால் மெசினுக்குப் பூப்போட்ட உறை. மிச்சமான திரைச்சீலைத் துணியில் உம்மா தைத்தது, கீழே சுருக்கு வைத்து, வலு வடிவாய். முன்னுக்கு பட்டனுக்கு மட்டும் ஓட்டை. பின்னுக்குக் காத்து வெளியேறும் இடமெல்லாம் மூடிக் கட்டு. மெசின் ஓடும்போதும் கழட்டக் கூடாதாம்.

"மண் போனா பழுதாயிரும்கா. மாப்பிள வந்து பாத்தா என்ன நினைக்கும்?"

கழட்டினேன். சூடு 80. ஃப்ரேம் 19. உம்மாவின் முகம் ஒரு முழம். ரெண்டு ஃப்ரேமுக்காக இவ்வளவு மனஸ்தாபம்.

ஜூலை 6, திங்கள்

ஒஃபிஸில் விவசாயிகளின் உர மானியப் படிவம், சனம் வாசல் வரைக்கும். நான் மேசைக்குக் கீழே போனில் ப்ரொசெசர்களை ஒப்பிடும் அட்டவணைகள் பார்த்தேன். சிவப்புக் கம்பனியா, நீலக் கம்பனியா. ஒரு வீடியோவில் ஒருவன் ப்ரொசெசருக்குள் ஆறு கோர், அதாவது ஆறு மூளை, போதும் என்கிறான், அடுத்தவன் ஆறு கோர் வாங்குகிறவன் மடையன் என்கிறான். ரெண்டு பேரையும் நம்பினேன்.

வரும் வழியில் கல்முனையில் ஜெயந்தன் அண்ணனின் கடை. பாண்டிருப்பு ஆள். வெட்டு ஒன்று துண்டு ரெண்டாய்க் கதைப்பார். என் மதர்போர்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதில ஆறு கோர் வரைக்கும்தான் ஏறும் தங்கச்சி. பாவிச்சது ஒண்டு கிடக்கு, கழட்டி மாட்டினாச் சரி. உங்கட விளையாட்டுக்கு நல்லது எட்டுக் கோர், கேஷ் மெமரி கூடினது. ஆனா அதுக்கு போர்ட், ரெம் எல்லாம் மாத்தோணும். எவ்வளவு காலத்துக்கு வேணும்? அதைச் சொல்லுங்க முதல்ல."

மச்சானிடம் கேட்டுவிட்டு வாறேன் என்றேன். சிரித்தார். எனக்குச் சுர்ரென்றது. மெசினைக் கழட்டிப் பூட்டுவது நான், மச்சானுக்கு ஸ்க்ரூ எந்தப் பக்கம் திருகுவது என்றும் தெரியாது. இதை நின்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

ஜூலை 7, செவ்வாய்

மச்சானின் வொய்ஸ் மெசேஜ்:

"அவசரப்படாத கா. அந்த எட்டுக் கோர் இஞ்ச கிடைக்கிது. செப்டெம்பர்ல கொன்ட்ராக்ட் முடிஞ்சி ஒரேயடியா வரக்குள்ள நானே கொண்டாறன். போர்ட்டும் சேத்து."

ஒரேயடியா. அந்தச் சொல்லுக்காக மூன்று தரம் கேட்டேன். வேறு ஒன்றுக்கும் இல்லை.

அப்படியென்றால் கணக்கு லேசு. ரெண்டு மாசம்தான். பாவித்த ஆறு கோரைப் போட்டு ஓட்டலாம். இல்லை, 19 ஃப்ரேமோடு பல்லைக் கடிக்கலாம். வாங்கலாம். வேண்டாம். உடுப்பை மடித்துக்கொண்டே நாலு தரம் முடிவு மாற்றினேன். உம்மா கேட்டா: "என்னகா தனியக் கதைக்கிறாய்?"

ஜூலை 10, வெள்ளி

இன்றைக்கு விளையாட முந்தி வடக்குப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றை இடித்தேன். சனம் குறைந்தால் ஃப்ரேம் கூடும், அவர் குரல் ஒழுங்காய் வரும். மச்சானின் குரல் கேட்கவென்று ஆறாயிரம் பேரைத் தெருவில் விட்டேன். பாவமாய் இருந்தது, வெட்கமாயும் இருந்தது. 24 ஃப்ரேம்.

அவர் கண்டுபிடிக்கவில்லை. வடக்குப் பக்கம் வருவதே இல்லை, துறைமுகத்தைக் கட்டிக்கொண்டு கிடப்பார்.

நடுவில் பேச்சுவாக்கில் சொன்னார்: "ப்ரொசெசர கல்முனையிலயே எடன். இஞ்சயிருந்து கொண்டந்தா அங்க வாரண்டி இல்ல."

"நீங்கதானே கொண்டாறன் எண்ட?"

"ஓம்... வாரண்டிக்குச் சொன்னன்."

செவ்வாய் ஒரு கதை, வெள்ளி ஒரு கதை. நான்தான் தேவையில்லாமல் துருவுகிறேனோ.

வாங்க: சவர்க்காரம், தெர்மல் பேஸ்ட், உம்மாவின் பிரசர் குளிசை.

ஜூலை 14, செவ்வாய்

உம்மா எங்கள் அறைக்குப் பெயின்ட் அடிக்க ஆள் பிடித்துவிட்டா. இளம் பச்சை. மாப்பிள்ளை வரும் முந்தி வாடை போகவேண்டுமாம். கட்டிலும் மெசினும் நடு அறையில். குறுக்கே நடக்க இடமில்லை.

பெயின்ட் அடிக்கிறவர் மெசினைப் பார்த்து, "இதில என்ன செய்யிறீங்க?" உம்மா முந்திக்கொண்டு: "ஒஃபிஸ் வேல."

வாரண்டி. வாரண்டி. ஒஃபிஸில் ஒரே படிவத்தை ரெண்டு தரம் பதிந்தேன்.

ஜூலை 17, வெள்ளி

நடந்ததை வரிசையாய் எழுதுகிறேன்.

ஊர் திரும்பவும் நொண்டியது. மச்சான் சொன்னார்: "சேவ் ஃபைல எனக்கு அனுப்பன். நான் இஞ்ச ஓட்டுறன், நீ வந்து சேரு. ஏ-வன்னா ஓடும்."

"உங்கட பழைய லெப்டொப்பிலயா?"

"இல்ல. ஒண்டு கட்டின, போன மாசம்."

"என்ன ஒண்டு?"

"டெஸ்க்டொப்."

படம் அனுப்பினார். ஆள் சந்தோசப் புளுகத்தில். கண்ணாடிப் பெட்டி, உள்ளே நீல லைட், திரை ஒன்று எங்கள் ஜன்னல் அளவு. ப்ரொசெசர் எது என்று கேட்டேன். அதே எட்டுக் கோர். எனக்குக் கொண்டுவாறேன் என்றது அவருடைய பெட்டிக்குள் ஏற்கனவே பூட்டி இருக்கிறது.

லெப்டொப் என்றால் கையில் தூக்கிக்கொண்டு பிளேன் ஏறலாம். ரெண்டு மாசத்தில் விட்டுவிட்டு வரப்போகிற ஊரில் டெஸ்க்டொப் கட்டுகிறவன் இருக்கிறானா? அதுவும் இவ்வளவு பெரிய திரையோடு? எங்கள் ஊரில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கிறது. இவர் வந்தது ஒரு சூட்கேஸோடும் இந்தப் பழைய மெசினோடும், ஓட்டோவின் பின் சீட்டில் மடியில் வைத்து. மெசின் எங்கே இருக்குதோ அங்கேதான் ஆளும் இருக்கப்போகிறது.

"மச்சான், செப்டெம்பர்ல வாறீங்களா இல்லையா?"

குரல் துண்டாகியது. நான் ஊரை நிறுத்திவைத்தேன். திரும்பவும் கேட்டேன்.

"கம்பனில இன்னும் ரெண்டு வருசம் கேட்டாங்க கா. சைன் வச்சிட்டன். சொல்லுவமெண்டுதான் இருந்த. கோவிச்சிராத."

"எப்ப வச்ச?"

"நோன்புப் பெருநாளைக்குப் பிறகு."

பெருநாள் முடிந்து மாசக்கணக்கு, இப்ப ஜூலை. ஹெட்ஃபோனைக் கழட்டி வைத்தேன். ஃபைலை அனுப்பவில்லை.

ஜூலை 18, சனி

கோபம். சாதாரணக் கோபம் இல்லை, பாத்திரம் கழுவினால் பாத்திரம் நசுங்குகிற கோபம். சைன் வைத்ததற்கு இவ்வளவு இல்லை. அங்கே வேலை, இங்கே இல்லை, அது எனக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் பெருநாளிலிருந்து என்னோடு பாலம் கட்டியதற்கு.

உம்மாவிடம் சொன்னேன். கத்துவா என்று நினைத்தேன். கதிரையை இழுத்துப் போட்டுக் குந்தினா.

"அப்ப பெயின்ட நிப்பாட்டச் சொல்லவா?"

அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது. நிப்பாட்டியாயிற்று. ஒரு சுவர் பச்சை, மூன்று சுவர் பழசு.

அவருடைய வொய்ஸ் ஏழு. திறக்கவில்லை. திறந்தேன். ஏழிலும் 'கோவிச்சிராத'.

ஜூலை 20, திங்கள்

அரை நாள் லீவு. ஜெயந்தன் அண்ணனின் கடை. எட்டுக் கோர், போர்ட், ரெம், கூலர்.

"மச்சானிட்டக் கேட்டுட்டு வாறன் எண்டீங்களே தங்கச்சி, கேட்டாச்சா? எவ்வளவு காலத்துக்கு?"

"கனகாலத்துக்கு அண்ணன்."

அவர் இன்றைக்குச் சிரிக்கவில்லை. பூட்டித் தரவா என்று கேட்டார். நானே பூட்டுவேன் என்றேன். இந்தத் தரம் சொன்னேன்.

வீட்டில் பெட்டிகளைப் பார்த்து உம்மா: "மாப்பிள அனுப்பினதா?"

"நான் வாங்கின."

ஜூலை 21, செவ்வாய்

பூட்டி முடித்தும் மெசின் முதல் தரம் எழும்பவில்லை. கறுப்புத் திரை. ரெம் மெமரித் துண்டு ஒழுங்காய் இருக்கவில்லை, அமுக்கினேன், எழும்பியது. கட்டைவிரலில் வெட்டு.

உம்மா உறையை வெட்டித் தைத்திருக்கிறா. பின்பக்கம் இப்ப முழுக்கத் திறப்பு. "இனி மூச்சு விடும்தானே?" என்றா. விடும் என்றேன்.

வடக்குக் குடியிருப்பைத் திரும்பக் கட்டினேன், முந்தியதைவிடப் பெரிதாய். சனம் இப்ப எண்பத்தாறாயிரம்.

ஜூலை 24, வெள்ளி

காத்து கொஞ்சம் குறைவு. மத்தியானம் சூரை மீன்.

அஸருக்குப் பிறகு ஊரைத் திறந்துவைத்தேன். வருவாரா மாட்டாரா என்று தெரியாது. பத்து நிமிசத்தில் வந்தார், என் மெசினுக்கு. ஃப்ரேம் 72. சூடு 66. பஸ்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன. ரயில் ஒரு இடத்திலும் தத்தவில்லை.

"மாஷா அல்லாஹ், நல்லா ஓடுதே கா" என்றார். குரல் பக்கத்து அறையிலிருந்து கதைப்பதுபோல. துறைமுகத்துக்கு இன்னொரு கிரேன் வைக்கலாமா என்று கேட்டார். வைக்கலாம் என்றேன். வைத்தார்.

பிறகு நான் கேட்டேன்: "ரெண்டு வருசத்துக்குப் பிறகாவது வருவீங்களா மச்சான்? உண்மையச் சொல்லுங்க."

அவருடைய ஃபேன் சுற்றுவது கேட்டது. கதிரை கிறீச்சிட்டது. மூச்சு விடுவதும் கேட்டது. திரையில் அவர் துறைமுகத்துக்குக் கப்பல் ஒன்று வந்து கட்டி, சாமான் இறக்கிவிட்டுப் போனது. 72 ஃப்ரேம். முந்தி என்றால் லேக், கேள்வி போய்ச் சேரவில்லை என்று நினைத்து இன்னொரு தரம் கேட்டிருப்பேன்.