அளவுத்தாளில் இல்லாத கட்டம்

மார்ச் 2, திங்கள்

இல்லை, கோபத்தில் எழுதிக் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ராஜினாமாக் கடிதத்தை நிதானமாகத்தான் நீட்டினேன். மேனேஜர்தான் இரண்டு முறை படித்தார். "யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களா?"

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ரெடிமேட் ஆடை கம்பெனி, புகார்ப் பிரிவு, ஆறு வருடம். சட்டை பொருந்தவில்லை என்று எழுதுகிறவர்களுக்கு ஒரே பதில்: 'தயவுசெய்து எங்கள் அளவு அட்டவணையைச் சரிபார்க்கவும்.' அதாவது, சட்டை சரி. உங்கள் உடம்புதான் தப்பு. எத்தனை ஆயிரம் பேருக்கு இதை மரியாதையாக எழுதியிருப்பேன்?

"மார்ச் கடைசி வரைக்கும் உங்க சீட்டை யாருக்கும் தரமாட்டேன். அடையாள அட்டை உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். நல்ல மனிதர். அதுதான் கஷ்டம்.

இன்று முன்னறையில் மேஜை போட்டேன். தையல் மெஷின், ஆளுயரக் கண்ணாடி. மாலை வகுப்பில் இரண்டு வருடம் கற்றதை நம்பிக் கதவில் ஒரு தாள்: 'ஆடைகள் உங்கள் அளவுக்குத் திருத்தித் தரப்படும்.'

மார்ச் 4

யாரும் வரவில்லை.

மார்ச் 6

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள், பொத்தான் அறுந்த சட்டையோடு. "கஸ்டமர் நிக்கிறேன், உக்காருங்கன்னு ஒரு வார்த்தை உண்டா?" தைத்துக் கொடுத்தேன். "எம்.ஏ. படிச்ச கை தச்ச பொத்தான். தெறிச்சா யுனிவர்சிட்டிக்கே எழுதிப் போடுவேன்."

சிரித்தேன். சாப்பிடும்போது அவள் சிரிக்கவில்லை. "ஆழம் தெரியாம காலை விட்டுட்டியேடி."

மார்ச் 12, வியாழன்

முதல் ஆள்! பஸ் டிரைவர். யாரோ கொடுத்த பழைய கோட்டு, கை இரண்டும் நீளம். இருபத்தொன்றாம் தேதி மகளுக்குப் பட்டமளிப்பு விழா. அளந்தேன், கம்பெனியிலிருந்து கொண்டுவந்த அளவுத்தாளிலேயே எழுதினேன். மாலையில் கை இரண்டையும் வெட்டினேன். கத்தரி துணியைக் கடக்கும் சத்தம். புகாருக்குப் பதில் எழுதவில்லை. புகாரையே சரிசெய்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

போட்டுப் பார்த்தார். வலது கை கச்சிதம். இடது கை — மணிக்கட்டு எலும்பு வெளியே. இரண்டு விரல் குறைகிறது.

"இந்தப் பக்கம் மட்டும் சின்னப் புள்ள கோட்டு" என்று சிரித்தார். "முப்பது வருஷம் பஸ் ஓட்டின தோள்மா. வலது பக்கம் இறங்கிடுச்சு. டிப்போவுல பாதிப் பேருக்கு இப்படித்தான்."

என் வாயில் வந்தது: "இல்ல சார், அளவு சரியாத்தான்—"

நிறுத்தினேன். அந்த வாக்கியத்தின் மிச்சம் எனக்கு மனப்பாடம்.

வலது கையை மட்டும்தான் அளந்திருக்கிறேன். தாளில் 'கை நீளம்' என்று ஒரே ஒரு கட்டம். நிரப்பினேன். முடிந்தது. வேலையை விட்டேன், தாளை விடவில்லை.

கோட்டைக் கழற்றும்போது அவர் சிரிப்பும் கழன்றுவிட்டது. "சனிக்கிழமை அவ மேடையேறுவா. என்கிட்ட வேற கோட்டு இல்லம்மா."

"என் தப்பு சார். வெள்ளிக்கிழமை காலையில வாங்க."

அவர் போனதும் அம்மா: "வெட்டினது ஒட்டுமாடி?"

தெரியவில்லை.

மார்ச் 18

வெட்டிய துண்டு வேண்டும். கடையில் அந்த நிறம் கிடைக்காது. அம்மா குப்பைப் பையைத் தரையில் கொட்டினாள். இருவரும் மண்டியிட்டுத் தேடினோம். அடியில் இருந்தது.

இடது கையில் ஒட்டுப் போட்டேன். பிரித்தேன். மறுபடி. மூன்றாவது முறை படிந்தது. ஆனாலும் கோடு தெரிகிறது.

மார்ச் 19

மேனேஜர் போன் செய்தார். புகார்ப் பிரிவுக்கே என்னைத் தலைவியாக்குகிறார்களாம். "திங்கட்கிழமை கூப்பிடுறேன். நல்லா யோசிங்க."

ஏன் உடனே மறுக்கவில்லை? பயமா? ஆமா, பயம்தான். கோட்டு இப்படிக் கிடக்கறப்ப பயம் வராம என்ன வரும்.

பயத்தோடேயே வலது கையிலும் அதே உயரத்தில் ஒரு தையல் கோடு ஓட்டினேன். ஒன்றில் இருந்தால் ஒட்டு. இரண்டிலும் இருந்தால் வடிவம்.

மார்ச் 20, வெள்ளி

"நிமிர்ந்து நிக்கவா?" என்று கேட்டார்.

"வேணாம் சார். எப்பவும் நிக்கிற மாதிரியே நில்லுங்க."

இரண்டு கையும் ஒரே இடத்தில் நின்றன. காற்றில் ஸ்டீரிங் பிடித்து ஒரு வளைவு திருப்பிப் பார்த்தார். பிறகு கையில் இருந்த தையல் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். "கம்பெனியிலயே இப்படி வந்த மாதிரி இருக்கும்மா."

"கம்பெனியில இப்படி வராது சார்" என்றேன்.

மார்ச் 23, திங்கள்

காலையில் வாசலில் இரண்டு டிரைவர்கள். "தோளைப் பாத்துத் தைக்கிறவங்க வீடு இதுதானே?"

"இதுதான்" என்றாள் அம்மா. "வரிசையில வாங்க."

கம்பெனித் தாள்களைக் கிழித்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு பத்தி வரைந்தேன்: இடது, வலது. முதல் ஆளின் இடது தோளில் டேப்பை வைத்தபோது போன் அடித்தது. மேனேஜர். அளந்து முடித்து எடுத்தேன்.

"வரலை சார். சீட்டை வேற யாருக்காவது கொடுத்துடுங்க."

மதியம் அடையாள அட்டையைத் தபாலில் அனுப்பினேன். திரும்பும் வழியில் துணியில் குறி போட ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கினேன்.