மாம்பழத் தோலும் என் தோலும்

ஜூன் 14
காலையிலேயே வெயில். சித்தூர் மாம்பழக் கூழ் ஃபேக்டரி கழிவு, தோல் ரெண்டு மூட்டை, எங்கள் லேபுக்கு. திருப்பதி சேர்வதற்குள் புளித்த வாடை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்தே போய்விட்டார். கழுவி, அரைத்து, காரக் கரைசலில் வேகவைத்தால் கண்ணுக்குத் தெரியாத நானோ நார். அதை வார்த்தால் கண்ணாடி மாதிரிப் படலம். பிளாஸ்டிக்குக்குப் பதில் பழங்களைச் சுற்ற. கட்டுரை தயார். ஆராய்ச்சி வழிகாட்டி மேடம் இந்த வாரம் அனுப்புகிறார்.
மணிக்கட்டில் மறுபடி அரிப்பு.

ஜூன் 15
மேகமூட்டம். இமை வீக்கம். தோல் டாக்டர்: மாங்காய்ப் பால் ஒவ்வாமை, இனித் தொடாதே. அம்மா போனில், "மாந்தோப்புலயே பொறந்துட்டு மாங்கா ஒத்துக்கலன்னா எவ நம்புவா?"
சோப்பு, தேங்காய் எண்ணெய் வாங்க.
பழத் தோலில் இருப்பது படலத்திலும் இருந்தால்?

ஜூன் 16
படலத்தில் சதுரமாக வெட்டி முன்கையில் ஒட்டிக்கொண்டேன். கூட ஆராய்ச்சி செய்யும் பாஸ்கருக்கும் ஒன்று. சத்தியவேட்டுக்காரன். மேடத்திடம் சொல்லவில்லை.

ஜூன் 18
பிரித்தோம். பாஸ்கர் கை சுத்தம். என் கையில் சிவப்புச் சதுரம்.
"சொறிஞ்சிக்கினே இருந்தா செவக்காம இன்னா பண்ணும்? மேடத்துக்கு என் கைய காட்டு, போதும்."
"ஒத்துக்கிறவன் கைய காட்டி இன்னா பிரயோஜனம்?"
கட்டுரையில் இருவர் பெயரும். அவனுக்கு அடுத்த வேலையே இதை வைத்துத்தான். எனக்கும்.
மாலை மேடத்திடம் கையை நீட்டினேன். கேட்காமல் ஒட்டிக்கொண்டதற்குத் தெலுங்கில் நல்ல திட்டு, இருவருக்கும். பிறகு கையை ஜன்னல் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார். கட்டுரை நிறுத்தம். பாஸ்கர் பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

ஜூன் 23
மழை. மேடம் யோசனைப்படி, தோலை முதலில் ஸ்பிரிட்டில் ஊறவைத்துப் அரிக்கும் பிசினை எடுத்தபின் வேகவைத்தல். எல்லாம் பாஸ்கரே. "நீ தூரமா நின்னு எழுதிக்கினு இரு." ஐந்து நாளில் பேசிய முதல் பேச்சு. புதுப் படலம் கொஞ்சம் மங்கல்.

ஜூன் 27
இம்முறை முறைப்படி. புதுப் படலத்தை டாக்டரே ஒட்டினார், என் இடது கையில்.

ஜூன் 29
பிரித்தார். கை சுத்தம். பாஸ்கர் குனிந்து பார்த்தான், விரலால் தடவியும் பார்த்தான்.
ஒரு கை போதாது, ஒத்துக்கொள்ளாத இன்னும் சிலர் வேண்டும் என்கிறார் மேடம்.
வீட்டுக்குப் போன். எடுத்தது அப்பா, எங்கள் நைனா. விஷயம் சொன்னேன்.
"எனக்குந்தாம்மா. தோப்புல எறங்குனா ராவெல்லாம் அரிக்கும். வெளிய சொன்னா பழத்த எவன் வாங்குவான்? உங்கம்மாவுக்கே தெரியாது."
தன் கையிலும் ஒட்டிப் பார்க்க, நாளை விடியற்காலை பஸ்ஸில் வருகிறார்.